டாக்டர் மரோவில்லின் முதுகு

"ஐயையோ! என்னங்க, நம்ம டாக்டரையா வரைஞ்சு வச்சிருக்கீங்க?"

வெங்காய சூப்போடு உள்ளே வந்த பெரீன் கதவருகிலேயே நின்றுவிட்டாள். கிண்ணம் சாய்ந்து சூப் தரையில் சொட்டியது. அன்செல்ம் கையில் பிரஷ்ஷோடு திரும்பினான்.

"எந்த டாக்டர்?"

"எந்த டாக்டரா? நல்லாக் கேட்டீங்க. டாக்டர் மரோவில்! அஞ்சு மாடி ஏறி வந்து என் உசிரைக் காப்பாத்தின மனுஷன்!"

"அவர் எங்கேடி இருக்கார் இதுல?"

"நட்ட நடுவுல."

படத்தின் நடுவில் ஒரு கட்டில். அதில் நோயாளி. வெள்ளைச் சட்டை போட்ட, முகத்தில் மாவு பூசிய நாடகக் கோமாளி. நோயாளிதான், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து கோழிக்கால் கடித்துக்கொண்டிருக்கிறான். கட்டிலைச் சுற்றி அவனைப் பிழைக்கவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்ட கூட்டம். ஒட்டுப்போட்ட சட்டைக் கோமாளி ஒருவன் தன்னைவிட உயரமான எனிமா பீச்சாங்குழலைத் தோளில் சாய்த்து, பீரங்கிக்காரன் மாதிரி குறி பார்க்கிறான். படைத்தலைவன் வேஷக்காரன் அறுவை சிகிச்சைக்குத் தன் வாளை உருவிக் கொடுக்கிறான். மூலையில் ஒருவன் உயிலை எழுத ஆரம்பித்துவிட்டான். இத்தனைக்கும் நடுவே கறுப்பு அங்கி, பெரிய தொந்தி, மூக்குவரை தோல் முகமூடி, ஆகாயத்தைப் பார்த்து நீட்டிய சுண்டுவிரல் என்று நின்றது டாக்டர் வேஷம்.

"பெரீன், அந்த ஆளு முகமூடி போட்டிருக்கான். மூஞ்சியே தெரியல. எப்படி மரோவில்னு சொல்றே?"

"மூஞ்சி யாருக்கு வேணும்? அந்தச் சுண்டுவிரலைப் பாருங்க. 'மதாம், ஜன்னலைத் திறங்க'ன்னு சொல்றப்போ இப்படித்தான் தூக்குவாரு."

அன்செல்ம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஐந்து மாத வேலை அது. பகல் பூரா பாலத்துக் கடையில் அவனுக்குத் தாடி வரைகிற உத்தியோகம். கடை முதலாளி புனிதர்களின் படங்களை டஜன் கணக்கில் நகல் எடுத்து விற்பவர். ஒருவன் தலை வரைவான், ஒருவன் வானம் வரைவான், அன்செல்ம் தாடி. பன்னிரண்டு வருஷமாகத் தாடி. கடை விட்டு வந்து, வெளிச்சம் போகிறதுக்குள் கிடைக்கிற ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில்தான் இதை வரைந்திருந்தான். வருகிற வியாழக்கிழமை நற்கருணைத் திருநாள். அன்றைக்கு ஒரு காலைப்பொழுது மட்டும், பேர் தெரியாத ஓவியர்களெல்லாம் தோஃபின் சதுக்கத்துச் சுவர்களில் தங்கள் படத்தை மாட்டிக்கொள்ளலாம். பவனி பார்க்க வருகிற பாரிஸ் அத்தனையும் அந்தப் பக்கம்தான் போகும். மத்தியானம் கழற்றிவிட வேண்டும். இந்த நாளை விட்டால் இன்னும் ஒரு வருஷம் தாடிதான்.

"நான் மரோவில்லை வரையல பெரீன். சத்தியமா இல்ல. இது இத்தாலிய நாடகக்காரங்க கூட்டத்துல டாக்டர் வேஷம் போட்ட ஆளு. எனக்குப் பதினாலு வயசு. வேலை கத்துக்கிட்ட இடத்துல ஏமாத்திட்டு தினம் கொட்டகைக்கு ஓடுவேன். கடைசி வரிசையில நின்னு பார்ப்பேன். அந்த ஆளு ஒரு வார்த்தை பேச வேண்டாம், சும்மா வந்து நின்னாப் போதும், கொட்டகையே குலுங்கும். பேரு கூடத் தெரியாது. நோட்டீசுல 'டாக்டர்'னு மட்டும்தான் போட்டிருப்பாங்க. அப்புறம்தான் ராஜாவுக்குக் கோபம் வந்து கொட்டகைக் கதவுல அரக்கு முத்திரை வச்சு எல்லாரையும் ஊரைவிட்டே துரத்திட்டாரே. அந்த ஆளு மலை தாண்டிப் போறப்போ பனியில செத்துட்டான்னு சொன்னாங்க. அன்னைக்கு நான் சோறு திங்கல."

"எல்லாம் சரி. அது பதினஞ்சு வருஷத்துக் கதை. போன குளிர்காலம் பூரா என் கட்டில் பக்கத்துல உக்காந்து நீங்க யாரைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"டாக்டரை."

"ஆங்! மனசு பழசை நினைச்சுது, கை புதுசை வரைஞ்சிருச்சு."

அன்செல்ம் முக்காலியோடு படத்துக்குக் கிட்டே நகர்ந்தான். அவள் சொல்வது உண்மையாக இருந்தால்?

அந்தக் குளிர்காலத்தை இரண்டு பேரும் மறக்கவில்லை. பெரீனுக்குக் காய்ச்சல். மூன்று டாக்டர்கள் வந்தார்கள். மூன்று பேரும் லத்தீனில் பேசி, மூன்று தடவை ரத்தம் எடுத்துவிட்டு, பாதிரியாரைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் இந்தப் படம். நாலாவதாக யாரோ சொல்லி மரோவில் வந்தார். தெற்கே எங்கேயோ படித்தவர் என்று பேச்சு. கத்தியை எடுக்கவே இல்லை. ஜன்னலைத் திறக்கச் சொன்னார், கோழி சூப் கொடுக்கச் சொன்னார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தின மூன்று டாக்டர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டு, அவர்களைப் போலவே லத்தீன் பேசிக் காட்டினார். பெரீன் சிரித்தாள், இருமினாள், சளி வந்தது, மறுபடி சிரித்தாள், வேர்த்தது. பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டாள்.

"இந்தாங்க, சொல்லிட்டேன்," என்றாள் பெரீன். "அந்த மனுஷன் மனசு நோகுற மாதிரி இந்தப் படம் வீட்டை விட்டு வெளியே போச்சுன்னா, காய்கறிக் கத்தியால நானே கிழிச்சுடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"மாத்திடறேன்டி. ஆறு நாள் இருக்கே. ஒரு சுண்டுவிரல்தானே!"

சனிக்கிழமை சுண்டுவிரலைச் சுரண்டினான். அந்தக் கையில் ஒரு மூத்திரக் குப்பியைக் கொடுத்தான். கொட்டகையில் அந்த நடிகன் குப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, பழைய ஒயினை ரசிக்கிறவன் மாதிரி தலையைச் சாய்ப்பான். அதை அப்படியே வைத்தான். முகமூடியின் ஓட்டைக்குள் ஒரு கண் திறந்து, ஒரு கண் மூடி. வரைந்து முடித்ததும் அவனுக்கே சிரிப்பு வந்தது. இனி யாரும் மரோவில் என்று சொல்ல முடியாது.

கீழ் மாடியில் விக் செய்கிறவரின் மனைவி மதாம் கொதார், தண்ணீர் வாளி இரவல் கேட்டு ஏறி வந்தாள். வாளியை எடுத்தாள். படத்தைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"அடியே பெரீன்! இது நம்ம மரோவில் டாக்டர்டி!"

அன்செல்மின் கையிலிருந்த பிரஷ் தரையில் விழுந்தது.

"எதை வச்சு மதாம் சொல்றீங்க?"

"இந்த ஒத்தைக் கண்ணை வச்சுத்தான்! போன மாசம் எங்க வீட்டுக்காரருக்கு நீர்க்கடுப்பு. குப்பியைக் கையில வாங்கி இப்படிச் சாய்ச்சு, இப்படிக் கண்ணை மூடி ஒரு பார்வை பார்த்தாரு பாரு, எங்க வீட்டுக்காரரு வலியை மறந்து சிரிச்சுட்டாரு. அச்சு அசல்! தம்பி, உனக்கு இவ்வளவு வேலை தெரியும்னு தெரியாமப் போச்சே. தாடிதான் வரைவேன்னு நினைச்சேன்."

"இல்ல மதாம், இது வேற ஆளு..."

"கூச்சப்படாதே தம்பி. நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

சொன்னாள். வாளியை மறந்துவிட்டுப் போனாள், சொல்வதை மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அன்செல்ம் தொந்தியில் கை வைத்தான். மூன்று மணி நேரத்தில் டாக்டர் வேஷம் குச்சியாக இளைத்தது. பெரீன் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இப்ப எப்படி?"

"நாப்பது நாள் நோன்பு இருந்த மரோவில்."

"அடச்சீ!"

"எனக்குப் பாவமா வேற இருக்கு. ஏதாவது சாப்பிடக் குடுங்க அவருக்கு."

தொந்தி திரும்பி வந்தது. அன்று ராத்திரி அன்செல்ம் சாப்பிடவில்லை. ரொட்டியை வைத்துக்கொண்டு யோசித்தான். முகமூடி போட்டாலும் தெரிகிறது. விரலை மாற்றினாலும் தெரிகிறது. வயிற்றைக் குறைத்தாலும் தெரிகிறது. அப்படியானால் ஆளின் முன்பக்கம்தான் தகராறு. முன்பக்கமே இல்லாவிட்டால்?

திங்கட்கிழமை கடைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினான். 'தாடிக்காரனுக்கு என்ன வியாதி, முளைச்சுருச்சா?' என்று கேட்டு அனுப்பினார் முதலாளி. அன்செல்ம் அதைக் காதில் வாங்கவில்லை. டாக்டர் வேஷத்தை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் பின்னால் திரும்பி நிற்கிற மாதிரி வரைய ஆரம்பித்தான்.

முதுகு என்றதும் அவனுக்குப் பதினாலு வயசு திரும்பி வந்தது. அந்த நடிகனின் முதுகுக்குத்தான் கொட்டகையில் பெரிய சிரிப்பு. அங்கியின் பின்பக்கத்தை இடது கையில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, பாரம் முழுக்க வலது குதிகாலில் வைத்து நிற்பான். உள்ளே நோயாளி செத்துக்கொண்டிருப்பான். இவன் சபையை மறந்து ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பான். உலகத்தில் உள்ள அத்தனை டாக்டர்களின் கர்வமும் அந்த முதுகில் இருக்கும். கூடவே பாவமாகவும் இருக்கும். அது எப்படி என்று அன்செல்முக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த முதுகைப் பார்த்துத்தான் அவன் ஓவியன் ஆனான். மனுஷனை வரைய மூஞ்சி தேவையில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன, கிடைத்தது தாடி.

செவ்வாய்க்கிழமை மதியம் முடித்தான். தள்ளி நின்று பார்த்தான். கண் கலங்கியது. இதைவிட நன்றாக அவன் எதையும் வரைந்ததில்லை. இனிமேல் வரையப் போவதும் இல்லை என்று பட்டது.

பெரீனைக் கூப்பிட்டான். அவள் மாவுக் கையோடு வந்தாள். பார்த்தாள். மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். அதுவே நல்ல சகுனம் என்று நினைத்தான்.

"என்ன பெரீன்?"

"அழகா இருக்குங்க." அவள் குரல் தணிந்திருந்தது. "எப்படிங்க இப்படி? எனக்கு அழுகையா வருது, சிரிப்பாவும் வருது."

"பார்த்தியா!"

"அந்தக் காய்ச்சல் நாள்ல, என்கிட்ட சிரிக்கச் சிரிக்கப் பேசிட்டு, எனக்குத் தெரியக் கூடாதுன்னு ஜன்னல் பக்கம் திரும்பி நிப்பாரு. அங்கியை இதே மாதிரிதான் கொத்தாப் பிடிச்சுக்குவாரு. நான் பிழைக்க மாட்டேன்னு நினைச்சாரோ என்னமோ. ஏங்க, இது டாக்டர் மரோவில் இல்லேன்னு யாராவது சொன்னா நானே சண்டைக்குப் போவேன்."

அன்செல்ம் சுவரில் தலையை மெதுவாக இரண்டு முறை முட்டிக்கொண்டான்.

அதற்குள் மாடிப்படி நிறைந்துவிட்டது. மதாம் கொதாரின் புண்ணியம். விக் செய்கிறவர் வந்தார், ரொட்டிக் கடைக்காரன் வந்தான், எதிர்வீட்டில் தலையணைக்கு இறகு அடைக்கிறவள் மூக்கில் இறகோடு வந்தாள்.

"அடேங்கப்பா, முதுகுலயே ஆளைக் கொண்டுவந்துட்டான்யா!"

"என் பொண்டாட்டி பிரசவத்தப்போ அரை நாள் பார்த்த முதுகாச்சே இது!"

"ஆனா ஒண்ணு தம்பி," என்றார் விக் செய்கிறவர், "காப்பாத்தின ஆளைக் கேலி பண்றியே, நல்லாவா இருக்கு?"

எல்லோரும் ஒவ்வொருவராகப் படி இறங்கினார்கள். பெரீன் தலை குனிந்துகொண்டு உள்ளே போனாள். அன்செல்முக்கு அதுதான் தாங்கவில்லை.

புதன்கிழமை காலையில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சந்தை நாடகக்காரர்களுக்கு மேடையில் பேசத் தடை. பேசினால் போலீஸ். அதனால் அவர்கள் வசனத்தை அட்டையில் எழுதித் தூக்கிப் பிடிப்பார்கள், கூட்டம் படித்துக்கொள்ளும். படத்திலும் ஓர் அட்டை வைத்தால் என்ன? பீச்சாங்குழல் கோமாளியின் மற்றொரு கை சும்மாத்தானே இருக்கிறது! அதில் ஓர் அட்டையைக் கொடுத்து, கொட்டை எழுத்தில் எழுதினான்.

எழுதப் படிக்கத் தெரியாத பெரீன் கேட்டாள்: "என்னங்க போட்டிருக்கு?"

"'இவர் டாக்டர் மரோவில் அல்ல.'"

பெரீன் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, பாரிஸ்ல எத்தனை பேருக்கு டாக்டர் மரோவில்லைத் தெரியும்?"

"நம்ம தெரு, பக்கத்துத் தெரு. ஒரு முந்நூறு பேருக்கு."

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள?"

அன்செல்ம் துணியைத் தேடினான். அவசரத்தில் ஆளிவிதை எண்ணெய்ப் பாத்திரத்தைத் தட்டிவிட்டான். எழுத்தை அழித்து முடிக்கவும் படியில் காலடிச் சத்தம். கனமான ஒரு ஜோடி, பின்னாலேயே இன்னொரு ஜோடி.

"மதாம் பெரீன்! மார்பு எப்படி இருக்கு? இருமலைக் காட்டுங்க பார்ப்போம்!"

டாக்டர் மரோவில். பின்னால் அவருடைய மருந்துப் பெட்டியைச் சுமக்கிற வேலைக்காரர் துசேன். வயசான, சாதுவான மனுஷன். எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியை வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து தூங்கிவிடுவார்.

அன்செல்ம் கட்டில் விரிப்பை உருவிப் படத்தின் மேல் போட்டு, அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"வாங்க டாக்டர். நல்லா இருக்கீங்களா? நாங்க நல்லா இருக்கோம். எல்லாரும் நல்லா இருக்கோம்."

டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "சிலுவையில அறைஞ்ச மாதிரி நிக்கறீங்களே, கைவலியா?"

"இல்ல டாக்டர். படம். ஈரம். யாரும் தொட்டுடக் கூடாதுன்னு."

"ஓ! நாளைக்குச் சதுக்கத்துல மாட்டப் போறதா? தெருவே பேசிக்குது. நான் வந்தா மட்டும் வாயை மூடிக்கறாங்க. என்ன படம்?"

பெரீன் அன்செல்மைப் பார்த்தாள். அன்செல்ம் கூரையைப் பார்த்தான்.

"ஒரு புனிதர் டாக்டர்."

"எந்தப் புனிதர்?"

"இன்னும் முடிவு பண்ணல."

"தாடி உண்டா?"

"முதுகுப்பக்கம் டாக்டர். தாடி தெரியாது."

டாக்டருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "முதுகைக் காட்டுற புனிதரா? இதை நான் பார்த்தே ஆகணும். துசேன், எழுந்திரு. நாளைக்குக் காலையில வேற எங்கேயும் போகலப்பா, நேரே சதுக்கம்!"

அவர்கள் இறங்கிப் போனதும் பெரீன் விரிப்பை எடுத்து மடித்தாள். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"வராத, மனுஷனை, வரவழைச்சிட்டீங்க."

"நான் படத்தை எடுத்துட்டுப் போகல பெரீன். வேண்டாம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவள் அவனைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத் தாடி அந்த முகத்தில் தெரிந்தது. படத்தையும் பார்த்தாள். காய்கறிக் கத்தி மேசைமேல்தான் இருந்தது. அவள் அதை எடுத்து ஒரு வெங்காயத்தை நறுக்கினாள்.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள். "இவ்வளவு நல்லா வந்ததைச் சுவருக்குத் திருப்பி வச்சா அதுவும் பாவம்தான். ஆனா அவர் வர்றப்போ ஒளியக் கூடாது. நேரா நின்னு மன்னிப்புக் கேக்கணும். நானும் பக்கத்துல நிப்பேன்."

வியாழக்கிழமை விடியும்போதே சதுக்கத்தில் ஆணி அடிக்கிற சத்தம். பவனி போகிற வழியெல்லாம் சுவரில் திரைச்சீலை தொங்கியது, தரையில் பூ இறைந்து கிடந்தது. அன்செல்முக்கு வடக்கு மூலையில் இடம் கிடைத்தது. மேகமாக இருந்ததால் படத்துக்கு மேலே ஒரு கயிறு கட்டி, கட்டில் விரிப்பை அதில் மாட்டி, ஓரமாகத் தள்ளி வைத்தாள் பெரீன். மழை வந்தால் இழுத்து மூடிவிடலாம்.

மழை வரவில்லை. ஜனம் வந்தது. பவனி போய் மணியோசை ஓய்ந்ததும் அத்தனை கூட்டமும் சுவர்ப்பக்கம் திரும்பியது. இந்தப் பக்கம் ஒரு மாதா, அந்தப் பக்கம் இரண்டு பேர் உருவப்படம். ஆனால் சிரிப்பு எழுந்தது வடக்கு மூலையில்தான். கோழிக்காலைப் பார்த்துச் சிரித்தார்கள், உயில் எழுதுகிறவனைப் பார்த்துச் சிரித்தார்கள், முதுகுக்கு வந்ததும் ஒரு நொடி சும்மா இருந்துவிட்டுப் பிறகு குலுங்கினார்கள். சாட்டின் உடுப்புப் போட்ட ஒரு கனவான், "யாரப்பா வரைஞ்சது?" என்று கேட்டார். அன்செல்ம் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

அப்போது கூட்டம் இரண்டாகப் பிளந்தது. தெருக்காரர்கள் எல்லோரும் சட்டென்று சிரிப்பை விழுங்கினார்கள். மதாம் கொதார் வாயை ஏப்ரனால் பொத்திக்கொண்டாள். கறுப்பு அங்கி, பெரிய தொந்தி. டாக்டர் மரோவில். பின்னால் பெட்டியோடு துசேன்.

டாக்டர் படத்தின் முன் நின்றார். பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதுதான் உங்க புனிதரா?"

அன்செல்ம் தொப்பியைக் கழற்றினான். பெரீன் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், மன்னிச்சுக்குங்க. நேத்துப் பொய் சொன்னேன். இப்ப சொல்றது பொய் இல்ல. நான் உங்களை வரையல. சின்ன வயசுல கொட்டகையில ஒரு நடிகனைப் பார்த்தேன். அவரை மாதிரி ஒருத்தனை நான் அதுக்கப்புறம் பார்க்கவே இல்ல. அவர் திரும்பி நின்னா ஜனம் சிரிக்கும், எனக்கு மட்டும் தொண்டை அடைக்கும். அவரைத்தான் வரைய நினைச்சேன். ஆனா நீங்க எங்க வீட்டுக்கு வந்து போனதுல உங்க ஜாடை என் கைக்குள்ள புகுந்துருச்சு போல. உங்களை அழிக்க அழிக்க நீங்கதான் வர்றீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"அந்த நடிகன் இப்ப எங்கே?"

"செத்துட்டாராம் டாக்டர். மலைப்பாதையில, பனியில."

"அடப்பாவமே," என்றார் டாக்டர்.

மறுபடியும் படத்தைப் பார்த்தார். இன்னும் கிட்டப் போனார். மூக்கு சாயத்தில் ஒட்டுகிற அளவுக்குப் போனார்.

"இடது கை சரியில்ல."

"டாக்டர்?"

"அங்கியை இவ்வளவு கீழே பிடிக்கக் கூடாது. ரெண்டு விரக்கடை மேலே பிடிக்கணும். அப்பத்தான் குதிகால் தெரியும். குதிகால் தெரிஞ்சாத்தான் கடைசியில நிக்கறவனுக்கும் விளங்கும்."

அன்செல்ம் வாய் பிளந்து நின்றான். தன்னைக் கேலி செய்த படத்துக்கு யோசனை சொல்கிற பெருந்தன்மையை அவன் எங்கும் பார்த்ததில்லை. பெரீனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"நம்ம தெருக்காரங்க என்ன சொல்றீங்க?" டாக்டர் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இது நானா, நானில்லையா? ஏம்மா மதாம் கொதார், ஊரெல்லாம் சொன்னியாமே, இப்ப ஏன் வாயைப் பொத்திக்கறே? ஒப்பிட்டுப் பார்த்துக்குங்க!"

சொல்லிவிட்டு அவர் படத்துக்குப் பக்கத்தில் போய், கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். இடது கையால் அங்கியைக் கொத்தாகப் பிடித்தார். பாரத்தை வலது குதிகாலுக்கு மாற்றினார். தலையைச் சாய்த்து, அங்கே இல்லாத ஒரு ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்.

கூட்டம் படத்தையும் அவர் முதுகையும் மாறி மாறிப் பார்த்தது.

பிறகு சதுக்கமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு எழுந்தது. சாட்டின் உடுப்புக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ரொட்டிக் கடைக்காரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மாதா படம் வரைந்தவன் தன் மாதாவை விட்டுவிட்டு ஓடிவந்தான். அன்செல்மும் சிரித்தான், தொண்டை அடைக்க அடைக்கச் சிரித்தான்.

டாக்டர் நிதானமாகத் திரும்பினார். இடப்பக்கம் பார்த்து, வலப்பக்கம் பார்த்து, கடைசி வரிசையையும் மறக்காமல் பார்த்து, ஒரு காலைப் பின்னே இழுத்து, தரை தொடக் குனிந்து வணங்கினார்.

விருட்டென்று ஒரு சத்தம். கட்டில் விரிப்பு கயிற்றில் ஓடிவந்து படத்தையும் டாக்டரையும் சேர்த்து மூடியது.

"ஐயா துசேன்! என்ன காரியம் பண்றீங்க? மழை எங்கே வருது?" என்று கத்தினான் அன்செல்ம்.

விரிப்பின் நுனியைக் கையில் பிடித்தபடி நின்ற துசேன், அப்போதுதான் விழித்தவர் மாதிரி அதைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க எசமான், பழக்கதோஷம். ராஜா எங்க கொட்டகையைப் பூட்டுற வரைக்கும், இவர் குனிஞ்சு கும்பிட்டதும் திரையை இழுக்கிறதுதானே என் வேலை."